முதலில் வடியுங்கள்: திடீர்க் குளிரும் படகு எஞ்சினும் – கேள்வி பதில்

வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகப்போகிறது என்று அறிவிப்பு வந்ததும் கடிதங்களும் வந்து குவிகின்றன. எழுதியவர்களில் பாதிப் பேர் தங்கள் எஞ்சின் அவுட்போர்டா (படகின் பின்னால் வெளியே மாட்டியது), இன்போர்டா (படகுக்குள்ளே இருப்பது) என்றே சொல்லவில்லை. வெளித் தண்ணீரை நேராக இழுத்துக் குளிர்வதா, குளிர்விக்கும் திரவமான கூலண்டை ஊற்றிய மூடிய சுற்றா என்பதும் பலர் கடிதத்தில் இல்லை. இந்த இரண்டும் தெரியாமல் சொல்லும் பதிலை நம்பி எஞ்சினைத் தொடாதீர்கள். அடுத்த முறை முதல் வரியிலேயே எழுதுங்கள். சரி, கேள்விகளுக்கு வருவோம்.

கேள்வி: இரண்டே இரவுதான் உறைநிலைக்குக் கீழே போகுமாம். அதற்காக எஞ்சினில் இருக்கும் தண்ணீரை முழுக்க வடிக்க வேண்டுமா?

வேண்டும். எஞ்சின் உடைய ஓர் இரவு போதும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருத்துவிடும். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, விரிசல்தான் விடும். அதிகாலையில் ஒரு மணி நேரம் மைனஸ் 1-ஐத் தொட்டுவிட்டுத் திரும்பினால் பெரிய பிளாக் (எஞ்சினின் வார்ப்பிரும்பு உடல்) தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் ஆயில் கூலர், தண்ணீர் பம்ப், மெல்லிய குழாய்கள் போன்றவற்றில் இருப்பது கொஞ்சம் தண்ணீர்தான், அது சீக்கிரம் உறைந்துவிடும். மைனஸ் 4, 5 என்று இரவு முழுக்க நின்றால் பிளாக்கும் தப்பாது. குளிர் வழக்கமாக வரும் இடங்களில் எல்லோரும் பருவம் முடிந்ததும் வடித்துவிடுகிறார்கள். எப்போதாவது வரும் இடத்தில்தான் ‘இரண்டு நாள்தானே’ என்று விட்டுவிட்டு எஞ்சினை இழக்கிறார்கள்.

கேள்வி: வெப்பநிலை 2 டிகிரிதான், ஆனால் காற்றோடு சேர்த்தால் மைனஸ் 6 போல இருக்கும் என்கிறார்கள். எஞ்சினுக்கு எந்தக் கணக்கு?

2 டிகிரிதான். மைனஸ் 6 என்பது மனிதத் தோலுக்குச் சொல்லும் கணக்கு. காற்று எவ்வளவு அடித்தாலும் எஞ்சின் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலைக்குக் கீழே போகாது, அந்த நிலைக்கு வேகமாக வந்து சேரும், அவ்வளவுதான். ஆனால் அறிவிப்பில் சொல்லும் 2 டிகிரி எங்கோ ஒரு நிலையத்தில் அளந்தது. மேகமில்லாத இரவில் பள்ளமான இடத்தில் டிரெய்லரில் நிற்கும் படகுக்கு அதுவே மைனஸ் ஆகலாம். 3 டிகிரிக்குக் கீழே என்று அறிவிப்பு வந்தாலே நான் வடித்துவிடுவேன்.

கேள்வி: கடலில் ஓட்டிய படகு. உள்ளே இருப்பது உப்புத் தண்ணீர்தானே, உறையாது அல்லவா?

உறையும். மைனஸ் 2-க்குச் சற்று முன்பே கடல் நீர் உறையத் தொடங்கிவிடும். உப்பு உங்களுக்குத் தரும் சலுகை அந்த இரண்டு டிகிரிதான். வடியுங்கள்.

கேள்வி: எஞ்சின் உறையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

எந்த எஞ்சின்?

கேள்வி: வெளித் தண்ணீரில் குளிரும் V8 இன்போர்டு. பிங்க் ஆன்டிஃப்ரீஸ் (உறையாமல் காக்கும் இளஞ்சிவப்புத் திரவம்) 10 லிட்டர் வாங்கி, தண்ணீர் இழுக்கும் துளைகளில் மஃப் என்ற ரப்பர் மூடியை ஹோஸோடு மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு உறிஞ்சவைத்தேன். எக்ஸாஸ்ட்டில் பிங்க் நிறம் வந்ததும் நிறுத்திவிட்டேன். இனி கவலையில்லைதானே?

கவலைப்பட வேண்டும், அதுவும் இன்று இரவே. இந்த ஒரு கேள்விக்காகவே நான் ஒவ்வொரு வருடமும் எழுதுகிறேன், ஒவ்வொரு வருடமும் இதே கடிதம் வருகிறது.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட் (சூடேறினால் திறக்கும் வால்வு) மூடியிருக்கும். பம்ப் இழுக்கும் தண்ணீரில் பெரும்பகுதி பிளாக்கைத் தொடாமலே மேனிஃபோல்டு (புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்த் தொகுதி) வழியாக எக்ஸாஸ்ட்டுக்குப் போய்விடும். நீங்கள் பின்னால் பார்த்த பிங்க் அந்த வழியாக வந்ததுதான். அது மேனிஃபோல்டுக்குச் சாட்சி, பிளாக்குக்கு அல்ல. பிளாக்கில் கோடையில் நிரம்பிய அதே தண்ணீர் அப்படியே நிற்கிறது. தெர்மோஸ்டாட் திறக்க எஞ்சினைப் பொறுத்து 60, 70 டிகிரியாவது ஏற வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் ஆகும். 10 லிட்டரை அந்தப் பம்ப் ஒன்றிரண்டு நிமிடத்தில் குடித்துத் துப்பிவிடும்.

‘முதலில் நல்ல தண்ணீரில் சூடாக்கிவிட்டுத்தான் பிங்க் கொடுத்தேன்’ என்று சிலர் எழுதுகிறார்கள். பரவாயில்லை, கொஞ்சம் மேல். ஆனால் அப்போதும் பிளாக்கில் இருக்கும் தண்ணீரோடு அது கலக்கத்தான் செய்யும். டப்பாவில் மைனஸ் 50 என்று பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் ஃபாரன்ஹீட், செல்சியஸில் ஏறக்குறைய மைனஸ் 46. அதுவும் குழாய் வெடிக்காமல் தாங்கும் எல்லைதான். அந்தத் திரவம் மைனஸ் 10, 12-லேயே கூழாகத் தொடங்கிவிடும். சொட்டுத் தண்ணீர் கலக்காமல் இருந்தால்தான் இந்தக் கணக்கும் செல்லும். பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்ந்துவிட்டால் மைனஸ் 5-ஐ ஒட்டியே உறைய ஆரம்பிக்கும். டப்பாவில் இருக்கும் எண்ணைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறீர்கள். பிளாக்கில் இருப்பதோ வேறு திரவம்.

சரியான முறை இதுதான். முதலில் வடியுங்கள். பிளாக்கின் இரு பக்கமும் ஒவ்வொரு டிரெயின் பிளக் (வடிக்கும் துளையின் மூடி), இரண்டு மேனிஃபோல்டுகளிலும் ஒவ்வொன்று, சுழற்சிப் பம்புக்குப் போகும் பெரிய ஹோஸின் கீழ்முனை, தண்ணீர் பம்ப், ஸ்டியரிங் கூலர். உங்கள் கையேட்டில் எத்தனை இடம் சொல்லியிருக்கிறதோ அத்தனையும். ஒவ்வொன்றிலும் தண்ணீர் வருவதைக் கண்ணால் பாருங்கள். எல்லாம் நின்ற பிறகு பிளக்குகளை மாட்டி, தெர்மோஸ்டாட் கூட்டில் சேரும் ஹோஸ்களைக் கழற்றி, மேலிருந்து நேராகப் பிளாக்குக்கும் மேனிஃபோல்டுக்கும் பிங்க் ஊற்றுங்கள். ஊற்ற வசதியில்லையா? ஊற்றாமலே விடுங்கள். காலியான பிளாக் குளிரில் விரிசல் விடாது. பிங்க் கூடுதல் பாதுகாப்பு, துருவையும் கொஞ்சம் தடுக்கும். வடிப்பதற்கு அது மாற்று கிடையாது.

பிங்க் உறிஞ்சவைப்பது ஐந்து நிமிட வேலை என்று சொல்லி வாளியும் ஹோஸும் சேர்த்து விற்கிறார்களே, அவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதைவிடக் கோபம், இதையே செய்துவிட்டுக் குளிர்காலப் பராமரிப்பு என்று ரசீது போடும் பட்டறைகள் மேல். விரிசலோடு வந்த எஞ்சின்களில், தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் டிரெயின் பிளக் மேல் அப்படியே ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிளக்கில் ஸ்பானரே பட்டதில்லை. உரிமையாளர் கையில் ரசீது மட்டும் இருந்தது. வேலையை வெளியே கொடுத்தால் கழற்றிய பிளக்குகளை ஒரு பையில் போட்டு ஸ்டியரிங்கில் கட்டித் தரச் சொல்லுங்கள். அடுத்த பருவம் தொடங்கும்வரை அவை அங்கேயே இருக்கட்டும். பிங்க் நிரப்பித் தருவதானால் வடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

கேள்வி: பிளக்கைக் கழற்றினேன், ஒன்றும் வரவில்லை. பிளாக் காலி என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. பிளாக்கின் அடியில் துரு, மணல், வார்ப்பின் செதில் எல்லாம் தங்கி அந்த ஓட்டையை அடைத்துவிடும். ஒரு கம்பியை விட்டுக் குத்துங்கள். நிற்காமல் குத்துங்கள். பெரும்பாலும் அடைப்பு உடைந்து லிட்டர் கணக்கில் கொட்டும். பிளக்கைக் கழற்றுவது பாதி வேலை, கம்பி விட்டுக் குத்துவது மீதிப் பாதி.

கேள்வி: பிளாக்கில் ஃப்ரீஸ் பிளக் என்ற வட்ட மூடி இருக்கிறதே, உறைந்தால் அது வெளியே தள்ளிக்கொண்டு பிளாக்கைக் காப்பாற்றாதா?

அந்த ஓட்டைகள் வார்ப்பு மணலை வெளியே எடுக்க விட்டவை, மூடிகள் அதை அடைக்க வந்தவை. சில நேரம் தள்ளிக்கொண்டு வரும், பல நேரம் அது அசைவதற்குள் பிளாக் பிளந்துவிடும். அதை நம்பாதீர்கள்.

கேள்வி: அவுட்போர்டு 60 குதிரைச் சக்தி. தூக்கி மடக்கி வைத்திருக்கிறேன். பாதுகாப்புதானே?

இறக்கி நேராக நிறுத்துங்கள். அவுட்போர்டு நேராக நின்றால் தண்ணீர் தானாக வடிந்துவிடும், அதுதான் அதன் பெரிய வசதி. மடக்கி வைத்தால் கீழ்ப்பகுதியில் தண்ணீர் தங்கும், புரொப்பெல்லர் நடுவில் மழைத் தண்ணீரும் சேரும். பிறகு கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் போல இருந்தால் சீல் போய் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். அதை மாற்றாமல் விட்டால் கியர் கூடே பிளக்கும். ஸ்டெர்ன்டிரைவ் (எஞ்சின் உள்ளே, புரொப்பெல்லர் பகுதி பின்னால் வெளியே) வைத்திருப்பவர்களுக்கும் இதேதான், டிரைவைக் கீழே இறக்கி வையுங்கள்.

கேள்வி: வடிக்க நேரமில்லை. எஞ்சின் அறையில் ஒரு 100 வாட் பல்போ சின்ன ஹீட்டரோ போட்டு வைக்கலாமா?

பெட்ரோல் எஞ்சின் அறையில் வீட்டு ஹீட்டர் வைப்பது தீயை அழைப்பது. பெட்ரோல் ஆவி கீழே பில்ஜில்தான் (படகின் அடிப்பள்ளத்தில்தான்) தங்கும், ஒரு பொறி போதும். அதற்கென்றே தீப்பொறி வராதபடி செய்த ஹீட்டர்கள் உண்டு. அவற்றையும் துணையாக மட்டும் வையுங்கள். மின்சாரம் போனால் அவ்வளவுதான், கடும் குளிரில்தான் மின்சாரம் போகவும் செய்யும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் குளிர்ப்புயல் வந்தபோது லட்சக்கணக்கான வீடுகள் நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. ஹீட்டரை மட்டும் நம்பியிருந்த எஞ்சின் அந்த மாதிரி இரவில் என்ன ஆகும்? நேரமில்லை என்கிறீர்கள். பழகிய கைக்கு இது ஒரு மணி நேர வேலை. வடியுங்கள்.

கேள்வி: மூடிய சுற்று டீசல் எஞ்சின். தண்ணீர் கலக்காமல் சுத்தமான கூலண்டையே நிரப்பிவிட்டேன். இனி எந்தக் குளிரும் தாங்கும் அல்லவா?

இதில் இரண்டு தவறு இருக்கிறது. கூலண்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்கால் தண்ணீர் கலக்காமல் இருந்தால் மைனஸ் 12, 13-லேயே உறையும். சரிபாதி தண்ணீர் கலந்தால்தான் மைனஸ் 37 வரை தாங்கும். கலவையின் அளவைக் கண்ணால் மதிப்பிடாமல் அதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள்.

இரண்டாவது, கூலண்ட் சுற்று எஞ்சினின் ஒரு பாதிதான். கூலண்டை வெளித் தண்ணீரால் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மறுபக்கம், தண்ணீர் பம்ப், எக்ஸாஸ்ட் எல்போ, மஃப்ளர் எல்லாவற்றிலும் வெளித் தண்ணீர் நிற்கிறது. அதையும் வடிக்க வேண்டும். டீசல் வடிகட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரையும் இறக்கிவிடுங்கள், அதுவும் உறையும்.

கேள்வி: காருக்கு ஊற்றும் பச்சை கூலண்டை வெளித் தண்ணீர்ப் பக்கத்துக்கு ஊற்றலாமா?

கூடாது. அடுத்த முறை எஞ்சினைக் கிளப்பியதும் அது நேராக நீரில் கலக்கும். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம், நாயும் பூனையும் நக்கிச் சாகும். ப்ரொப்பிலீன் கிளைக்கால் வாங்குங்கள்.

கேள்வி: படகு தண்ணீரிலேயே நிற்கிறது. அதனால் பயமில்லை என்கிறார்கள்.

சுற்றியுள்ள நீர் கொஞ்சம் வெப்பம் தரும், அதனால் டிரெய்லரில் நிற்கும் படகைவிட மெதுவாகக் குளிரும். ஆனால் அடியில் தண்ணீர் எடுக்கும் வால்வு திறந்திருந்து, வடிகட்டியின் கிண்ணம் உறைந்து உடைந்தால், பனி இளகும்போது படகே மூழ்கும். வால்வை மூடுங்கள், வடிகட்டியையும் எஞ்சினையும் வடியுங்கள். கரையில் நிற்கும் படகுக்கு நேர் எதிர். அங்கே பந்து வால்வை மூடி வைத்தால் பந்துக்குள்ளே தண்ணீர் சிக்கி வால்வே பிளக்கும், பாதி திறந்து வையுங்கள்.

கேள்வி: பேட்டரியைக் கழற்ற வேண்டுமா?

முழு சார்ஜ் இருந்தால் மைனஸ் 50 வரை கவலையில்லை. இறங்கிய பேட்டரி மைனஸ் 7, 8-லேயே உறையும். சார்ஜ் போடுங்கள்.

கேள்வி: உங்கள் பதில் வருவதற்குள் இங்கே குளிர் வந்துவிட்டது. நேற்று இரவு மைனஸ் 8. இன்று காலை கிளப்பிப் பார்க்கட்டுமா?

கிளப்பாதீர்கள், சாவியைத் திருப்பவே வேண்டாம். பம்பில் பனிக்கட்டி இருந்தால் அதன் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லரின் இதழ்கள் ஒரே சுற்றில் கிழிந்துவிடும். பிளாக்கின் உட்சுவரில் விரிசல் விட்டிருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்து பேரிங்குகளையும் கெடுக்கும். தீ காட்டி உருக்கும் வேலையும் வேண்டாம். தானாக இளகட்டும், அதற்கு ஒன்றிரண்டு நாள் ஆனாலும் பொறுங்கள். இளகியதும் பிளக்குகளைக் கழற்றி வடியுங்கள், கம்பி விட்டுக் குத்துங்கள். பிறகு டார்ச்சை வைத்துப் பிளாக்கின் பக்கவாட்டு, மேனிஃபோல்டின் அடி, தண்ணீர் பம்ப் மூன்றையும் பாருங்கள். முடிபோல ஒரு கோடும் அதையொட்டித் துருக் கசிவும் தெரிந்தால் விரிசல்தான். டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ பால் நிறமாக இருந்தாலோ அதற்குமேல் நீங்கள் கைவைக்க வேண்டாம். மேலே ஒன்றும் தெரியாவிட்டாலும் தண்ணீர்ப் பாதைக்கு அழுத்தச் சோதனை செய்த பிறகே கிளப்புங்கள். இன்சூரன்ஸ் இருந்தால், எதையும் பிரிப்பதற்கு முன் படம் எடுத்து அவர்களுக்கு எழுதுங்கள். உறைபனிச் சேதத்தை விலக்கி வைக்கும் பாலிசிகள் நிறைய உண்டு, அந்தப் பத்தியையும் இன்றே தேடிப் படித்துவிடுங்கள்.