கனமான இழைப்புளி வாங்கலாமா? கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அண்ணே, என்னிடம் இருப்பது மரக்கட்டை இழைப்புளி. இரும்பில் கனமாக ஒன்று வாங்கினால் தேக்கு வழவழவென்று வருமா?

பதில்: தேக்குக்கு முதலில் நல்ல சாணைக்கல் வேண்டும் தம்பி. அந்த மரத்துக்குள் சிலிக்கா இருப்பதால் அலகு சீக்கிரம் மழுங்கிவிடும், மழுங்கின அலகோடு நாலு கிலோ இரும்பைத் தள்ளினாலும் மேலே வழுக்கிக்கொண்டுதான் போகும். கனம் கைகொடுப்பது தள்ள ஆரம்பித்த பிறகு. நடுவில் ஒரு கணு வந்தால் லேசான இழைப்புளி அங்கே முட்டி நிற்கும், கனமானது வந்த வேகத்திலேயே சீவிக்கொண்டு தாண்டிவிடும்.

கேள்வி: இரும்பு இழைப்புளிக்கு 4, 5, 7 என்று நம்பர் சொல்கிறார்களே, எடை எவ்வளவு?

பதில்: ஸ்டான்லி கம்பெனி நம்பர் கணக்கில் 4 ஏறக்குறைய 1.7 கிலோ, 5 இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, 7 மூன்றரை கிலோவுக்கும் மேலே. ஆனால் 7-க்கு அந்தக் கனம் அதன் 22 அங்குல நீளத்தால் வந்தது. பலகையை நேராக்குவது அந்த நீளம்தான், பள்ளத்தில் இறங்காமல் மேட்டை மட்டும் சீவும்.

கேள்வி: சார், எனக்கு இழைக்கும்போது தடதடவென்று அதிர்கிறது. எடை பத்தவில்லையோ?

பதில்: அலகைக் கழற்றிப் பாருங்கள். அலகுக்கும் அதன் மேல் தகட்டுக்கும் நடுவில் தூள் சிக்கியிருக்கும், இல்லையென்றால் அலகு அதன் படுக்கையில் முழுசாக உட்கார்ந்திருக்காது. பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான். சரி, அப்படியும் அதிர்ந்தால் அலகை உள்ளே இழுத்து மெல்லிசாகச் சீவுங்கள்.

கேள்வி: கனமானது வாங்கிவிட்டேன், சாயங்காலம் தோள் விட்டுப்போகிறது.

பதில்: எனக்கும் நடந்தது. வேங்கையில் ஒரு நிலைக்கால் இழைக்க ஆசையாகக் கனமானதை எடுத்தேன், மத்தியானச் சாப்பாட்டில் டம்ளரைத் தூக்கக் கை நடுங்கியது. தள்ளும்போது கனம் தெரியாது, திரும்ப இழுக்கும்போதுதான் தெரியும். அடிப்பக்கத்தில் மெழுகுவர்த்தியைக் குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடு இழுத்துவிட்டுத் தள்ளிப் பாருங்கள், பாதிக் கனம் குறைந்த மாதிரி இருக்கும். அப்புறம், ஒவ்வொரு தடவையும் முழுசாகத் தூக்காதீர்கள், பின்பக்கத்தை மட்டும் லேசாக உயர்த்தி முன்பக்க மூக்கில் இழுத்து வாருங்கள்.

கேள்வி: அப்படியானால் லேசானதில் நயமான வேலை வருமா?

பதில்: ஜப்பானியத் தச்சர்களின் இழைப்புளியான கன்னா வெறும் கருவாலி (ஓக்) மரக் கட்டையும் தடித்த அலகும்தான், அதையும் தங்கள் பக்கமாக இழுக்கிறார்கள். போட்டி வைத்து 10 மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும், மெல்லிய சீவல் எடுக்கிறார்கள். போதுமா?

கேள்வி: கனமானதை எதற்குத்தான் வைத்துக்கொள்வது?

பதில்: பலகையின் வெட்டுமுனை இழைக்க. இழைப்புளியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, சட்டத்தோடு ஒட்டித் தள்ளும் வேலை அது, தூக்கவே வேண்டாம். எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது. மாசத்தில் ரெண்டு நாள்தான் அந்த வேலை என்றால் பக்கத்துப் பட்டறையில் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.