அகதியாக வந்த திபெத்தியர்கள் பிள்ளைகளை எப்படித் தாய்மொழி போகாமல் படிக்க வைக்கிறார்கள்?

1959-இல் தலாய் லாமாவைத் தொடர்ந்து இந்தியாவுக்கு வந்தவர்களில் பலருக்குக் கிடைத்த வேலை, இமயமலையில் சாலை போடுவது. கல் உடைக்கும் இடத்தில் கூடாரம், குளிர், நோய். அங்கே பிள்ளைகளை வைத்திருக்க முடியவில்லை. 1960 மே மாதம், ஜம்முவின் சாலைப்பணி முகாம்களிலிருந்து 51 குழந்தைகள் தர்மசாலாவுக்கு வந்து சேர்ந்தார்கள். தலாய் லாமாவின் அக்கா செரிங் டோல்மா அவர்களைப் பார்த்துக்கொண்டார். 1964-இல் அவர் இறந்ததும் தங்கை ஜெட்சுன் பெமா பொறுப்பேற்றார். இன்றைய திபெத்தியக் குழந்தைகள் கிராமம் அப்படி வளர்ந்ததுதான்.

அங்கே பெரும்பாலும் பெரிய விடுதிக் கூடம் கிடையாது. வீடு வீடாக இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வளர்ப்புத்தாய். பிள்ளைகள் அவரை 'அமாலா' என்று கூப்பிடுவார்கள். சமையல், பிரார்த்தனை, சண்டை எல்லாம் திபெத்திய மொழியில்தான். என்னைக் கேட்டால், பாடப்புத்தகத்தைவிட மொழியைக் காப்பாற்றியது இந்த வீடுகள்தான்.

சரி, வகுப்பறை? தொடக்க வகுப்புகளில் கணக்கு, அறிவியல்கூடத் திபெத்திய மொழியில். ஆறாம் வகுப்பு முதல் ஆங்கிலம், கடைசியில் சி.பி.எஸ்.இ. தேர்வு. சின்ன வயதிலேயே எழுத்தைப் பிடித்துவிட வேண்டும், ஏனென்றால் எழுதுவது ஒன்று, வாசிப்பது வேறு. 'டோல்மா' என்ற பெயரை ஏறக்குறைய 'ஸ்க்ரோல்மா' என்றுதான் எழுதுவார்கள்!

சிக்கல் அப்புறம்தான் வருகிறது. மேற்படிப்பு, வேலை எல்லாம் ஆங்கிலத்தில். இளைஞர்கள் வெளிநாடு போகிறார்கள். குடியிருப்புகளில் பிள்ளைகள் குறைய, சில பள்ளிகளை இணைக்கவோ மூடவோ வேண்டியதாயிற்று.