ஒரே கம்பெனி, ஒரே விஷயம், ஆளுக்கு ஒரு முடிவு ஏன்?

"எங்க கம்பெனில மேனேஜர் மாறினா முடிவும் மாறுது, இது பாலிடிக்ஸா?"ன்னு கேட்டிருக்கீங்க. நிறைய இடத்துல பாலிடிக்ஸே இல்லாமயும் இது நடக்கும், அதான் கண்டுபிடிக்க கஷ்டம். நான் மணலி பக்கம் ஒரு சிஎஃப்எஸ்ல ஏழு வருஷம் பில்லிங் கவுண்டர்ல இருந்தேன், அங்க பாத்தத சொல்றேன்.

சிஎஃப்எஸ்னா ஹார்பர்ல எறக்குன கன்டெய்னர் பெட்டிய கொண்டாந்து வெச்சு, கஸ்டம்ஸ் வேலை முடிஞ்சதும் டெலிவரி குடுக்கற யார்டு. வாடகை இல்லாம விடற ஃப்ரீ டேஸ் தாண்டி பெட்டி நின்னா கிரவுண்ட் ரெண்ட், அதாவது எட வாடகை, ஏறும், நாள் ஆக ஆக ரேட்டும் கூடும். பார்ட்டிங்க, அதாவது சரக்குக்கு சொந்தக்காரங்க, வேவர், அதாவது வாடகைய கொறைக்க சொல்லி, லெட்டர் குடுப்பாங்க, எவ்ளோ கழிக்கலாம்ன்றது மேனேஜர் கையில. எங்க ஆஃபீஸ்ல மூணு பேருக்கு அந்த பவர். எழுதி வெச்ச ரூல் எதுவும் கிடையாது, "கேஸ பாத்து செய்ங்க", அவ்ளோதான்.

ஒரு நாள் தண்டையார்பேட்டைல இருந்து வர்ற ஒரு கிளியரிங் ஏஜென்ட், அதாவது பார்ட்டிக்காக கஸ்டம்ஸ் வேலை பாக்கற அண்ணன், ரெண்டு பில்ல என் டேபிள்ல வெச்சாரு. ஒண்ணு அவரோடது, இன்னொண்ணு டீக்கடைல பாத்த வேற ஏஜென்டோடது. "இன்னாம்மா இது, ரெண்டு பெட்டியும் ஒரே கப்பல்ல வந்துச்சு, ஒரே மாதிரி ஒம்போது நாள் நின்னுச்சு, அவனுக்கு பாதி கழிச்சிருக்க, எனக்கு ஒத்த ரூபா கழிக்கல, நான் எங்க முதலாளி மூஞ்சில எப்படி முழிப்பேன்?"ன்னாரு. நான் ஃபைல எடுத்து பாத்தா யாரும் காசு வாங்கல, யாருக்கும் சிபாரிசு இல்ல, ஒரு லெட்டர் காலைல ஒரு மேனேஜர் டேபிளுக்கு போயிருக்கு, இன்னொண்ணு சாயங்காலம் வேற மேனேஜர் கிட்ட போயிருக்கு, அவ்ளோதான் வித்தியாசம். அன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரல, ஏன்னா இத்தன வருஷமா எத்தன பேருக்கு இப்படி பில்லு போட்டு நீட்டியிருப்பேன்.

இது ஏன் வெளிய தெரியலன்னா, ரெண்டு ஃபைல யாரும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்கறதே இல்ல. ஒவ்வொரு மேனேஜருக்கும் அவர் போட்ட முடிவு நியாயமா தான் தெரியும், அவர் கேட்டா காரணமும் சொல்வாரு.

அந்த சமயம், 2020 ஜூன்ல, கஸ்டம்ஸ்ல ஃபேஸ்லெஸ் அசெஸ்மென்ட், அதாவது ஆள நேர்ல பாக்காம வரி கணக்கு பாக்கற முறை, வந்துச்சு, மொதல்ல சென்னைலயும் பெங்களூருலயும். இங்க ஃபைல் பண்ற பில் ஆஃப் என்ட்ரிய, அதாவது இறக்குமதி சரக்குக்கு கஸ்டம்ஸ்ல குடுக்கற பேப்பர, வேற ஊர் ஆபீசர் கூட பாப்பாரு. ஒரே சரக்குக்கு எந்த போர்ட்லயும் ஒரே மாதிரி அசெஸ்மென்ட் வரணும்ன்றது அதோட நோக்கத்துல ஒண்ணு. அத பாத்து தான் எனக்கு ஐடியா வந்துச்சு. முடிஞ்சு போன பன்னெண்டு வேவர் லெட்டர எடுத்து, பார்ட்டி பேரு, தேதி எல்லாம் மறைச்சு ஜெராக்ஸ் போட்டு, மூணு மேனேஜருக்கும் தனித்தனியா குடுத்து இதுக்கு எவ்ளோ குடுப்பீங்க சார்னு கேட்டேன். மூணு பேரும் ஏறக்குறைய ஒத்துப்போனது ரெண்டே ரெண்டு கேஸ்ல. இத விட பெரிய விஷயம், சீனியர் சார் ஒரு லெட்டருக்கு 10 சதவீதம்னு எழுதுனாரு, அதே லெட்டருக்கு ஆறு மாசம் முன்னாடி 40 குடுத்தது அவரே தான். அவர் கையெழுத்த காட்டுனேன், ரொம்ப நேரம் பேசல, அப்புறம் அவரே தான் ஜிஎம் கிட்ட கூட்டிட்டு போனாரு. அந்த மனுஷன் மேல எனக்கு இன்னிக்கும் மரியாதை.

பின்னாடி படிச்சேன், 2002ல பொருளாதார நோபல் வாங்குன டேனியல் கானமேன் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனில இதே மாதிரி செஞ்சிருக்காரு. பிரீமியம் போடற ஆளுங்களுக்கு ஒரே கேஸ குடுத்தா ரெண்டு பேருக்குள்ள ஒரு 10 சதவீதம் வித்தியாசம் வரும்னு மேலிடம் நெனச்சிருக்கு, வந்தது 55. அனுபவசாலிங்க தான் எல்லாரும்.

நாங்க செஞ்சது ஒரே ஒரு பக்க ஷீட்டு. லேட் யாரால ஆச்சு, பார்ட்டி பேப்பர் தரலையா, கஸ்டம்ஸ் நிறுத்துச்சா, இல்ல எங்க டிரெய்லர், கிரேன் பிரச்சனையா, எத்தன நாள், இத மொதல்ல எழுதணும், அப்புறம் தான் சதவீதம். ஷீட்டு சொல்றத விட கூட குறைய குடுக்கணும்னா குடுக்கலாம், ஆனா ஏன்னு ஒரு வரி எழுதி கையெழுத்து போடணும். மாசக் கடைசில மூணு பேரும் உக்காந்து அஞ்சு ஃபைல பாப்பாங்க. பெரிய பார்ட்டி வந்தா ஷீட்ட ஓரங்கட்டற பழக்கம் மட்டும் நான் வேலைய விடுற வரைக்கும் முழுசா போகல, அது எனக்கு வருத்தம் தான்.

அந்த அண்ணன் மறுபடி வந்தாரு, 15 சதவீதம் தான் கெடச்சுது. ஏன்னாரு. ஷீட்ட திருப்பி காட்டுனேன், ஒம்போது நாள்ல ஏழு நாள் அவங்க பார்ட்டி பேப்பர் தராத நாள்னு இருந்துச்சு. வெரல வெச்சு ஒவ்வொரு வரியா படிச்சாரு, "சரிம்மா, இது எங்க தப்பு தான்"னு சொல்லிட்டு கட்டிட்டு போனாரு.