'எஃப்.எல். குறைவு' என்று ரிப்போர்ட் வந்தால்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கருவில் இருக்கும் குழந்தையின் எலும்பு வளர்ச்சி பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். எஃப்.எல். என்றால் குழந்தையின் தொடை எலும்பு நீளம். கர்ப்பகால ஸ்கேன் பார்ப்பதுதான் என் வேலை. ஆனாலும் உங்கள் படங்களை நான் பார்க்கவில்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

20 வாரம். தொடை எலும்பு 5-ஆவது பெர்சன்டைலுக்குக் கீழே என்று போட்டிருக்கிறது. நெட்டில் தேடிப் பார்த்துவிட்டுத் தூக்கமே இல்லை டாக்டர். நான் 4 அடி 11, அவரும் உயரம் கிடையாது.

முதலில் போனைக் கீழே வையுங்கள். நல்லபடியாக வளரும் நூறு குழந்தைகளை வரிசையில் நிறுத்தினாலும் ஐந்து பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்பார்கள், கோட்டை வரைந்ததே அப்படித்தான். இந்த வாரத்தில் தொடை எலும்பு சராசரியாக 32, 33 மி.மீ. இருக்கும், வயிற்றில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவி (ப்ரோப்) கொஞ்சம் சாய்ந்து எலும்பின் ஒரு முனை விடுபட்டாலே ஒன்றிரண்டு மி.மீ. போய்விடும். அப்புறம் தேதி. மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறவர்களுக்குக் கடைசி விலக்குத் தேதியை வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு வாரம்கூடத் தப்பும், ஆனால் அப்படித் தப்பியிருந்தால் தலையும் வயிறும் சேர்ந்தே சின்னதாக இருக்க வேண்டும். மூன்றாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.

நான் இந்த இடத்தில் பார்ப்பது பாதத்தைத்தான். கருவில் தொடை எலும்பும் பாதமும் கிட்டத்தட்ட ஒரே நீளம். பரம்பரையாகச் சின்ன உடம்பு என்றால் இரண்டும் சேர்ந்தே சின்னதாக இருக்கும். பாதம் சரியாக இருந்து தொடை எலும்பு மட்டும் பின்தங்கி, தொடை எலும்பின் நீளத்தைப் பாதத்தின் நீளத்தால் வகுத்து 0.87க்குக் கீழே வந்தால் எலும்பு வளர்ச்சிக் கோளாறா என்று மற்ற எலும்புகளையும் ஒவ்வொன்றாக அளப்பேன்: வளைந்திருக்கிறதா, உடைந்த தடம் தெரிகிறதா, விலா எலும்பு எப்படி, விரல்கள் எப்படி. ஒன்றும் இல்லையென்றால் மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாத குழந்தைகளிலும் சில சமயம் முதலில் கண்ணில் படுவது இந்தக் குட்டைத் தொடை எலும்புதான். டவுன் சிண்ட்ரோம் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் என்ன என்பதையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கை கால் குட்டையாகும் அகோண்ட்ரோபிளேசியா என்ற எலும்புக் கோளாறு சந்தேகம் என்று ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறது. கால்சியம் மாத்திரையை ஒழுங்காகப் போடாததால்தான் இப்படி என்று மாமியார் சொல்கிறார். உண்மையா?

இல்லை. மாத்திரையைப் போடுங்கள், உங்கள் எலும்புக்கு அது வேண்டும், ஆனால் இது அதனால் வந்ததல்ல. உங்கள் ரிப்போர்ட்டில் சந்தேகம் என்று போட்டிருக்கும் அகோண்ட்ரோபிளேசியா எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற மரபணுவில் வரும் ஒரே ஓர் எழுத்துப்பிழை, 1994-இல் கண்டுபிடித்தார்கள். பத்தில் எட்டுக் குழந்தைகளுக்கு அப்பா அம்மா இருவரும் சாதாரண உயரம்தான், பிழை புதிதாக வந்தது. அப்படிப் புதிதாக வருவது ஏறக்குறைய எப்போதுமே அப்பாவின் விந்தணுவில். இதை வைத்து அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம், அவரும் ஒன்றும் செய்யவில்லை. மாமியாரிடம் சொல்லலாம்.

ஐந்தாம் மாதம் எல்லாம் நார்மல் என்றார்கள். இப்போது 30 வாரம், கை கால் குட்டை, தலை பெரிசு, அகோண்ட்ரோபிளேசியாவாக இருக்கலாம் என்கிறார்கள். அன்றைக்குப் பார்த்தவர் கோட்டைவிட்டாரா?

பெரும்பாலும் இல்லை. எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்பது குருத்தெலும்பு வளர்ச்சிக்கு ஒரு பிரேக் மாதிரி, இந்தக் குழந்தைகளில் அந்த பிரேக் அழுத்தியபடியே நின்றுவிடுகிறது. ஆனால் அதன் விளைவு மெதுவாகத்தான் தெரியும். 20 வாரத்தில் தொடை எலும்பு கோட்டுக்குள்ளேயே இருக்கும், 24 வாரத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரியும். பழைய படங்களை எடுத்து வைத்துத் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. நெற்றி முன்தள்ளி, மூக்குத்தண்டு அமுங்கி, நடுவிரலும் மோதிரவிரலும் சூலம் போலப் பிரிந்து தெரிந்தால் சந்தேகம் வலுக்கும், பனிக்குட நீரை எடுத்து மரபணு பார்த்தால் உறுதியாகிவிடும்.

இந்தக் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி மற்றவர்களைப் போலத்தான். வளர்ந்தால் நான்கடி சுமார். முதல் இரண்டு வருடம் மண்டையோட்டின் அடித்துளை குறுகி மூச்சுத் தொந்தரவு வருகிறதா என்று கவனிக்க வேண்டும். உயரத்துக்காக வோசோரிடைட் என்ற தினசரி ஊசிக்கு 2021-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கொடுத்தார்கள், விலைதான் மலைக்க வைக்கும். பச்சிளங்குழந்தைப் பிரிவு இருக்கிற ஆஸ்பத்திரியில் பிரசவத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

என்.ஐ.பி.டி. நார்மல். அப்படியென்றால் எலும்புக் கோளாறு இருக்காதுதானே?

வழக்கமான என்.ஐ.பி.டி., அதாவது அம்மாவின் ரத்தத்தை எடுத்துச் செய்யும் பரிசோதனை, குழந்தையின் குரோமோசோம் எண்ணிக்கையைப் பார்க்கும், ஒற்றை எழுத்துப்பிழையைப் பார்க்காது. இருக்காது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

தொடை எலும்பை வைத்து ஆணா பெண்ணா என்று...

கருவின் பாலினத்தைப் பார்த்துச் சொல்வது 1994 சட்டப்படி குற்றம். அடுத்த கேள்வி.

19 வாரம். கை கால் ரொம்பக் குட்டை, நெஞ்சுக்கூடு மணி போலச் சுருங்கியிருக்கிறது, குழந்தை பிழைக்காது என்கிறார்கள். நான் அவருக்கு அக்கா மகள். அடுத்ததும் இப்படியே ஆகுமா?

மன்னியுங்கள் அம்மா, இதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது. உயிரைத் தீர்மானிப்பது கை கால் நீளம் இல்லை, நுரையீரல் விரிய இடம் இருக்கிறதா என்பதுதான். தொடை எலும்பு நீளத்தை வயிற்றுச் சுற்றளவால் வகுத்து 0.16க்குக் கீழே வந்து, நெஞ்சும் குறுகியிருந்தால் பிழைப்பது மிகவும் அரிது. தொடை எலும்பு பழைய டெலிபோன் ரிசீவர் மாதிரி வளைந்திருந்தால் தானடோஃபோரிக் என்ற, குழந்தை பிழைப்பது அரிதான வகையாக இருக்கலாம். அதுவும் எஃப்.ஜி.எஃப்.ஆர்.3-இல் வரும் புதுப் பிழைதான், அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களிடம், இருவரும் ஒரே பிழையைச் சுமப்பதால் வரும் வகைகளையும் யோசிக்க வேண்டும். அதுவாக இருந்தால் ஒவ்வொரு முறையும் நாலில் ஒரு பங்கு.

எந்த வகை என்பது ஸ்கேனில் மட்டும் தெளிவாகாது. அதனால் கர்ப்பத்தை முடித்துக்கொள்வதாக நீங்கள் தீர்மானித்தால், அதற்கு முன்பே பனிக்குட நீரையோ, பிறகு தொப்புள்கொடித் துண்டையோ மரபணுப் பரிசோதனைக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்கள், குழந்தையை முழு உடல் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அந்தத் துக்கத்தில் யாருக்கும் இது தோன்றாது, ஆறு மாதம் கழித்து வந்து கேட்கும்போது என் கையில் எதுவும் இருக்காது. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு இந்த மாதிரிக் கோளாறுகளுக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் ஒப்புதல் போதும், அதைத் தாண்டினால் மருத்துவக் குழு பார்க்கும். இரண்டு மூன்று நாள் யோசிக்க உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.

வழுக்கி விழுந்தேன். ஸ்கேனில் குழந்தையின் எலும்பு உடைந்திருக்கிறது என்கிறார்கள். என்னால்தானா?

இல்லவே இல்லை. பனிக்குட நீரில் மிதக்கும் குழந்தைக்கு அப்படி லேசில் எலும்பு உடையாது. எலும்புக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் சரியாக உருவாகாத குழந்தைகளுக்கு யாரும் விழாமலேயே எலும்பு முறியும். கடுமையான வகையில் ப்ரோப்பை லேசாக அழுத்தினாலே மண்டையோடு அமுங்கும், எலும்பு மறைக்காததால் மூளை வழக்கத்தைவிடத் தெளிவாகத் தெரியும். உங்கள் ஸ்கேனில் அப்படி ஏதாவது பார்த்தார்களா என்று நாளைக்கே கேளுங்கள். விழுந்ததை யாரிடமும் மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.