ஏப்ரல் மழையில் மனாவுஸ் போகலாமா, அக்டோபருக்குத் தள்ளிப்போடுவதா?

கேள்வி கேட்டவர் ஏப்ரல் கடைசியில், அறுபதைத் தாண்டிய அப்பா அம்மாவோடு, பிரேசிலின் அமேசான் காட்டுக்கு நடுவே இருக்கும் மனாவுஸ் நகரத்துக்கு ஐந்து நாள் போவதாக இருக்கிறார். அது மழைக்காலமாச்சே, மழை ஓய்ந்த அக்டோபருக்கு மாற்றிவிடலாமா என்று கேட்கிறார்.

மாற்றாதீர்கள். நானும் மனைவியும் 2022 மே மாதம் போனோம். கிளம்புவதற்கு முன் எனக்கும் இதே பயம்தான், தினமும் மழை அளவு அட்டவணையைத் திறந்து பார்த்து வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தேன். போய்ச் சேர்ந்த பிறகுதான் புரிந்தது, நான் பார்த்திருக்க வேண்டியது மழையின் அட்டவணையை இல்லை, ஊரை ஒட்டி ஓடும் ரியோ நெக்ரோ ஆற்றின் மட்டத்தை.

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். மனாவுஸில் மழை அதிகம் கொட்டுவது மார்ச், ஏப்ரலில், மாதத்துக்கு 300 மில்லிமீட்டருக்கு மேல். ஆனால் ஆறு உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் ஜூனில், அதாவது ஊரில் மழை குறைந்து வெயில் ஏறத் தொடங்கிய பிறகு. குடகில் பெய்கிற மழைக்குத் திருச்சியில் ஆடிப்பெருக்கு கொண்டாடுகிறோமே, அதே கதைதான், ஆனால் ராட்சத அளவில். பெருவின் ஆண்டிஸ் மலையிலிருந்தும் கொலம்பியா பக்கமிருந்தும் தண்ணீர் இறங்கிவந்து சேர அவ்வளவு காலம் ஆகிறது. வடிவதும் மெதுவாகத்தான், அக்டோபர், நவம்பரில்தான் அடிமட்டத்துக்குப் போகும். சாதாரண வருடத்திலேயே உச்சத்துக்கும் அடிக்கும் பத்து மீட்டர் வித்தியாசம். துறைமுகத்தில் 1902 முதல் மட்டத்தை அளந்து எழுதிவருகிறார்கள். 2021 ஜூனில் 30.02 மீட்டர், அதற்கு முன் அங்கே அவ்வளவு தண்ணீர் பதிவானதில்லை. 2024 அக்டோபரில் 12.11 மீட்டர், அதற்கு முன் அவ்வளவு கீழே போனதுமில்லை. மூன்றே வருடத்தில் தண்ணீர் ஆறு மாடி உயரம் இறங்கியிருக்கிறது!

இப்போது உங்கள் அக்டோபர் யோசனையைப் பாருங்கள். மழை குறைவுதான், சரி. ஆனால் சிற்றாறுகள் சுருங்கிப்போய்ப் படகு தரைதட்டும், சில விடுதிகளுக்குச் சேற்றிலும் மணலிலும் நடந்தே போக வேண்டிவரும், வெயிலும் வருடத்திலேயே அப்போதுதான் அதிகம். 2023 அக்டோபரில் சுற்றுவட்டாரக் காட்டுத்தீயின் புகை நகரத்தையே மூடியது. எல்லா வருடமும் அப்படி இருக்காது, ஆனால் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது அந்தச் சூதாட்டம் வேண்டாம். தேதி முழுக்க உங்கள் கையில் இருந்தால் ஜூன் கடைசி அல்லது ஜூலை என்று சொல்வேன், மழையும் குறைந்திருக்கும், ஆற்றிலும் தண்ணீர் நிறைந்திருக்கும். ஏப்ரலா அக்டோபரா என்றால் ஏப்ரல்தான்.

ஏப்ரலில் என்ன கிடைக்கும்? முக்கியமாக வெள்ளக்காடு. ரியோ நெக்ரோ கரையோரக் காடுகள் வருடத்தில் பல மாதம் தண்ணீருக்குள் நிற்கும், அதற்கு அங்கே இகபோ என்று பெயர். துடுப்புப் படகில் மரங்களுக்கு நடுவே போவீர்கள், நடுமரம் வரை தண்ணீர் இருப்பதால் கிளைகள் முகத்துக்கு நேரே வரும். கரையில் நின்றால் அண்ணாந்து பார்க்க வேண்டிய பறவையும் குரங்கும் கண்மட்டத்துக்கு வந்துவிடும். மரத்திலிருந்து விழும் பழத்துக்காகக் கீழே மீன் காத்திருக்கும், தம்பாக்கி என்கிற பெரிய மீன் பழமும் கொட்டையும் தின்றே கொழுக்கிறது. மோட்டாரை நிறுத்திவிட்டுத் துடுப்பு மட்டும் போட்ட அந்த ஒரு மணி நேரத்தில் என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அது எங்கள் வீட்டில் அபூர்வம். உங்கள் அப்பா அம்மாவுக்கும் இதுதான் வசதி, காட்டுக்குள் நடந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம்.

கிடைக்காதது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நான் ஏமாந்தேன். படகுத்துறையில் ஒருவர் வெள்ளை மணல் கடற்கரை மாதிரி படம் காட்டி, ஆற்று மணலில் அரை நாள் என்று காசு வாங்கினார். போய்ப் பார்த்தால் மணலே இல்லை. குடிசைக் கடைகளின் கூரை மட்டும் தண்ணீருக்கு மேல் நின்றது. படம் பொய்யில்லை, அக்டோபரில் எடுத்தது! ஆற்று மணல் திட்டுகள், நீண்ட காட்டு நடை, துகுனரே மீன்பிடித்தல் இதெல்லாம் தண்ணீர் குறைந்த மாத விஷயங்கள். யாராவது ஏப்ரலில் அதை விற்றால், படம் எந்த மாதம் எடுத்தது என்று கேளுங்கள். ஆற்றோட்டத்தில் கீழே இருக்கும் சாந்தரேம் நகரத்துக்குப் பக்கத்து ஊரான அல்தர் தோ ஷாவின் மணலையும் இதே பயணத்தில் சேர்க்க நினைத்தால் விட்டுவிடுங்கள், அதுவும் அப்போது பெரும்பாலும் தண்ணீருக்குள்.

மழை எப்படி இருக்கும் என்றால், வானம் பொத்துக்கொண்டு ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஊற்றும், அப்புறம் வெயில் அடிக்கும், புழுக்கம் தாங்காது. நாள் முழுக்கப் பிசுபிசுவென்று தூறும் நாளும் உண்டு, ஐந்து நாளில் ஒன்று அப்படிப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். படகில் குடை உதவாது, தலைவழியாகப் போடும் மழை அங்கிதான் சரி. ஜீன்ஸை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், ஒருமுறை நனைந்தால் ஊர் திரும்பும்வரை காயாது, என் காலுறைகள் நாலு நாள் கொடியில் தொங்கி ஐந்தாம் நாள் பூசணம் பூத்தன. கேமராவை ஏசி அறையிலிருந்து அப்படியே வெளியே எடுத்தால் லென்ஸ் பனிமூட்டம் கட்டிவிடும், அரை மணி நேரம் பைக்குள்ளேயே வைத்துப் பிறகு எடுங்கள்.

கொசு பற்றி எல்லாரும் பயமுறுத்துவார்கள். ரியோ நெக்ரோ தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் இருக்கும், இலை தழை ஊறி அமிலத்தன்மை கூடிய தண்ணீர், அதில் கொசு அதிகம் வளர்வதில்லை. நகரத்துக்குக் கீழே இதோடு சேருகிற சோலிமோயிஸ் ஆறோ ஆண்டிஸ் வண்டலைச் சுமந்து பால் காப்பி நிறத்தில் வரும், அந்தப் பக்கம் கொசுவும் அதிகம், பறவை விலங்குகளும் அதிகம். பெற்றோரோடு என்றால் நெக்ரோ பக்க விடுதியை எடுங்கள். இரண்டு ஆறும் சேருமிடத்தைப் பார்க்க அரை நாள் போதும். சுமார் ஆறு கிலோமீட்டருக்குக் கறுப்பும் பழுப்பும் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன, வேகம், வெப்பம், அடர்த்தி மூன்றும் வேறு வேறு என்பதால். படகிலிருந்து கையை விட்டுப் பாருங்கள், கோட்டைத் தாண்டியதும் தண்ணீர் சில்லிடும்.

கொசு குறைவு என்பதால் ஊசியை விட்டுவிட முடியாது. இந்தியாவில் இருந்து போகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு வந்த மற்ற பதில்களில் யாரும் தொடாத விஷயம் இதுதான். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குக் குறைந்தது 10 நாளுக்கு முன் போட்டிருக்க வேண்டும். பிரேசிலுக்குள் நுழைய யாரும் கேட்காவிட்டாலும், திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள், சான்றிதழ் இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்தும் விதி இருக்கிறது. ஊசி எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது, அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். முன்கூட்டியே தேதி வாங்கிவிடுங்கள். ஆனால் 60 வயதுக்கு மேல் முதல்முறை இந்த ஊசி போடுகிறவர்களுக்குப் பக்கவிளைவு ஆபத்து கொஞ்சம் கூடுதல், முட்டை ஒவ்வாமை இருப்பவர்களுக்கும் எச்சரிக்கை உண்டு. அதனால் விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே அப்பா அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அவர் வேண்டாம் என்றால் மனாவுஸை விட்டுவிட்டு வேறு ஊர் பார்ப்பதுதான் நல்லது. விசாவும் முன்பே எடுக்க வேண்டும்.

நகரத்தில் ஒன்றரை நாள் வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ரப்பர் வியாபாரக் காசில் கட்டி 1896 டிசம்பர் 31 அன்று திறந்த ஓபரா அரங்கம் மழை நாளுக்கென்றே வைத்த மாதிரி இருக்கிறது, வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில்தான் ஓபரா விழாவும் நடக்கும், நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். மழை விட்ட சாயங்காலம் அதன் எதிர்ச் சதுக்கத்தில் தகாகா என்று ஒரு சூப், சுரைக் குடுக்கையில் தருவார்கள், அதிலுள்ள ஜம்பு கீரை நாக்கை மரத்துப்போகச் செய்யும், எனக்குப் பிடித்தது, மனைவி இரண்டு வாயோடு என்னிடம் தள்ளிவிட்டாள். இறால் இருக்கும், சைவர்கள் கவனம். அவர்களுக்கு துகுமா பழமும் பாலாடைக்கட்டியும் வைத்த ரொட்டி காலையில் எங்கும் கிடைக்கும்.

பெருமழையில் ஊருக்குள் ஓடும் சிற்றோடைகள் பொங்கிச் சாலை மறிக்கும், விமானம் பிடிக்கும் நாளில் இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக் கிளம்புங்கள். 2022-ல் நாங்கள் போனபோது துறைமுகத்தை ஒட்டிய தெருக்களிலேயே ஆறு ஏறி நின்றது, மரப்பலகை அடித்து நடைபாதை போட்டிருந்தார்கள், அதன் மேல் நடந்துதான் சந்தைக்குப் போனோம். தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். அப்புறம் தரைவழியாக வந்து சேரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், போர்த்தோ வேல்யோ நகரத்திலிருந்து வரும் பிஆர்-319 சாலையின் நடுப்பகுதி மண் ரோடு, மழையில் சேற்றுக்குளம். சாவ் பாவ்லோவிலிருந்து விமானத்தில் நாலு மணி நேரம், அவ்வளவுதான்.

ஊஞ்சல் படுக்கை கட்டிப் போகும் ஆற்றுப் படகையும் கேட்டிருந்தீர்கள். சாந்தரேம் வரை ஆற்றோட்டத்தோடு போகக் கிட்டத்தட்ட ஒன்றரை நாள், எதிர்த்து வர இன்னும் அதிகம். பெற்றோருக்கு என்றால் அறை எடுங்கள். உங்களுக்கு மட்டும் என்றால் ஊஞ்சல் துணியைத் துறைமுகத் தெருவிலேயே வாங்கிக்கொள்ளலாம், கட்டும் கயிற்றைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், துணியோடு சேர்த்துத் தரமாட்டார்கள். எஞ்சின் சத்தமும் கழிப்பறை வாடையும் வராத இடமாகப் பார்த்து, மழைச்சாரல் அடிக்கிற ஓரத்தை விட்டு நடுவில் கட்டுங்கள்.