ஸ்பைடர்மேன்: படம் சோனிக்கு, பொம்மை டிஸ்னிக்கு. இந்தப் பாகப்பிரிவினை எப்படி நடந்தது?

கேள்வி இது: ஸ்பைடர்மேன் மார்வெலின் பாத்திரம், மார்வெல் இருப்பது டிஸ்னியின் கையில். அப்படியிருக்க, படம் ஏன் சோனியின் பெயரில் வருகிறது? பொம்மை, பை, சட்டை விற்ற காசு யாருக்குப் போகிறது? டிஸ்னி எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிட முடியாதா?

படம் எடுக்கும் உரிமை சோனியிடம் இருக்கிறது. பொம்மை, பள்ளிக்கூடப் பை, டி-ஷர்ட், தண்ணீர் பாட்டில் என்று கடையில் விற்கும் பொருட்களின் உரிமை முழுக்க டிஸ்னியிடம். பாத்திரத்தின் சொந்தக்காரரும் காமிக்ஸ் வெளியிடுபவரும் இன்றும் மார்வெல்தான். நம் ஊரில் ஒரு படத்தின் தியேட்டர் உரிமையை ஏரியா ஏரியாவாகச் சிலரும், சாட்டிலைட் உரிமையை ஒரு சேனலும், ஆடியோவை இன்னொரு கம்பெனியும் வாங்குவார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அப்படித்தான். என்ன, இங்கே துண்டு துண்டாகப் பிரிந்து கிடப்பது ஒரு பாத்திரத்தின் முழு ஆயுள்.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வருடங்களைச் சொல்வார்கள்: சோனி உரிமையை வாங்கிய 1999, மார்வெல் படங்களுக்குள் ஸ்பைடர்மேன் வந்துசேர வழிவிட்ட 2015. ஆனால் 2011-ல் நடந்த ஒரு பேரம்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தது என்பது என் உறுதியான எண்ணம். பல வருடமாக இந்த ஒப்பந்தச் செய்திகளை விடாமல் படித்து வந்ததில் வந்த எண்ணம் இது. அந்தப் பேரம் புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மேனைப் படைத்தது 1962-ல். (நம் லயன் காமிக்ஸில் 80-களில் வந்த ஸ்பைடர் வேறு ஆள். அவர் இங்கிலாந்துக் காமிக்ஸிலிருந்து வந்த, குற்றவாளியாக இருந்து மனம் மாறியவர். இந்தக் குழப்பம் இன்னும் சிலருக்கு இருக்கிறது.) 1985-ல் மார்வெல் இதன் பட உரிமையைக் கேனன் என்ற கம்பெனிக்கு 2,25,000 டாலருக்கும் வருமானத்தில் ஒரு பங்குக்கும் கொடுத்தது. ஐந்து வருடத்துக்குள் படம் எடுக்காவிட்டால் உரிமை திரும்பிவிடும் என்பது நிபந்தனை. கேனன் முதலாளிகளுக்குப் பாத்திரம் பிடிபடவே இல்லை. முதலில் தயாரான கதையில் ஹீரோ எட்டுக் கை கால் முளைத்த சிலந்தி மிருகமாகவே மாறிவிடுகிறான்!

கேனன் நொடித்தது. முதலாளிகளில் ஒருவரான மெனாஹெம் கோலன் வெளியேறும்போது உரிமையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்ப் புதுக் கம்பெனி தொடங்கினார். அங்கேதான் சிக்கல் ஆரம்பம். பணம் திரட்டுவதற்காக டிவி உரிமையை வயாகாமுக்கும், வீடியோ கேசட் உரிமையைச் சோனியின் கொலம்பியாவுக்கும், தியேட்டர் உரிமையை 50 லட்சம் டாலருக்குக் கரோல்கோ என்ற படக் கம்பெனிக்கும் விற்றார். கரோல்கோ ஜேம்ஸ் கேமரூனை அழைத்து வந்தது, அவர் ஒரு நீண்ட கதைச் சுருக்கமும் எழுதிவிட்டார். ஆனால் தயாரிப்பாளர் என்று தன் பெயரைப் போடவில்லை என்று 1993-ல் கோலன் வழக்குப் போட, அதிலிருந்து வழக்குக்கு மேல் வழக்கு. கரோல்கோ திவால், கோலனின் கம்பெனி திவால். 1996 டிசம்பரில் மார்வெலே திவால் மனு கொடுத்தது. நடுவில் ஜேம்ஸ் பாண்ட் படங்களை வெளியிட்டு வந்த எம்ஜிஎம்மும் தனக்கும் உரிமை உண்டு என்று வந்து நின்றது.

இந்தக் குழப்பத்திலிருந்து மார்வெலை மீட்டது யார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டாய் பிஸ் என்ற பொம்மைக் கம்பெனி. ஐக் பெர்ல்முட்டர், அவி அராட் இருவரும் 1998-ல் மார்வெலைத் தங்கள் பிடிக்குள் கொண்டு வந்தார்கள். அவர்களுடைய கணக்கே வேறு. படத்தில் எவ்வளவு கிடைக்கும் என்பதைவிட, படம் வந்தால் அலமாரியில் எத்தனை பொம்மை நகரும் என்பதே அவர்களுக்கு முக்கியம். அதனால்தான் 1999-ல் சோனியோடு பேசியபோது, பட வருமானத்தில் சிறு பங்கோடு நின்றுகொண்டு, பொருள் விற்பனையைக் கூட்டு முயற்சியாக வைத்துக்கொண்டார்கள். அதில் வரும் ராயல்டி இரு தரப்புக்கும் பிரியும்.

அதே 1999 மார்ச்சில் சோனியும் எம்ஜிஎம்மும் தங்கள் வழக்கை முடித்துக்கொண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சோனி அப்போது தனியாக ஒரு ஜேம்ஸ் பாண்ட் படவரிசை எடுக்க முயன்றுகொண்டிருந்தது. எம்ஜிஎம் அதைத் தடுக்கப் போராடிக்கொண்டிருந்தது. சோனி பாண்டை விட்டுக்கொடுத்தது, எம்ஜிஎம் ஸ்பைடர்மேன் மீதான உரிமைக் கோரிக்கையைக் கைவிட்டது.

2002 மே மாதம் சோனிக்காக இயக்குநர் சாம் ரெய்மி எடுத்த ஸ்பைடர்மேன் படம் வந்து உலகம் முழுக்க 82 கோடி டாலர் வசூலித்தது. அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் 10 கோடி டாலரைத் தாண்டிய முதல் படம் அதுதான். இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு கூட்டாளிகள் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் 2003-லேயே மார்வெல் சோனிமீது வழக்குப் போட்டது. ஸ்பைடர்மேன் என்றால் மார்வெல் என்ற எண்ணத்தையே மங்கச் செய்து, சோனி அதைத் தன் பிராண்டாக்கப் பார்க்கிறது என்பது முக்கியமான குற்றச்சாட்டு. 2004-ல் சமரசம் ஆனது. ஒரு பொம்மைப் பெட்டியில் யார் பெயர் பெரிதாக இருக்க வேண்டும் என்பது இரண்டு பெரிய கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போகிற அளவுக்கு முக்கியம்.

2009-ல் டிஸ்னி சுமார் 400 கோடி டாலருக்கு மார்வெலை வாங்கியது. இரண்டு வருடம் கழித்து, நான் சொன்ன அந்தப் பேரம். சோனி பொருள் விற்பனையில் தனக்கிருந்த பங்கை முழுவதுமாக டிஸ்னிக்கு விட்டுக்கொடுத்தது. பதிலுக்குப் பட வருமானத்தில் மார்வெலுக்கு இருந்த பங்கு சோனிக்கு வந்தது. 2014-ல் சோனியின் கணினிகளை ஹேக்கர்கள் உடைத்து, உள்ளே இருந்த ஆவணங்கள் பிறகு வெளியானபோது தொகையும் தெரிந்தது: டிஸ்னி ஒரே தடவையாக 17.5 கோடி டாலர், அதோடு இனி வரும் ஒவ்வொரு படத்துக்கும் 3.5 கோடி டாலர் வரை.

இது சோனிக்கு நஷ்டமா? எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. 2014-ல் வெளியான ஒரு கணக்கின்படி ஸ்பைடர்மேன் பொருட்களின் ஒரு வருட உலகச் சில்லறை விற்பனை சுமார் 130 கோடி டாலர். பேட்மேன் 50 கோடிக்கும் கீழே. அவெஞ்சர்ஸ் 32 கோடியைச் சற்றுத் தாண்டியது. இது கடை விற்பனைத் தொகை, உரிமையாளருக்கு ராயல்டியாக இதில் ஒரு பகுதிதான் வரும் என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும் அந்த ராயல்டிக்குப் படச் செலவு கிடையாது, விளம்பரச் செலவு கிடையாது, தோல்வி பயமும் குறைவு. படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நான்கு வயதுக் குழந்தைக்கு அந்தச் சிவப்பு நீல உடை வேண்டும். சோனிக்கு அப்போது கைக்காசு தேவைப்பட்டிருக்கலாம். ஆனாலும் ஆண்டுதோறும் நிற்காமல் வரும் வருமானத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சூதாட வேண்டிய பக்கத்தை அது தேர்ந்தெடுத்தது.

அதே நேரம், ரசிகர்களுக்குக் கிடைத்த பெரிய நன்மைக்கும் அந்தப் பேரம்தான் காரணம். யோசித்துப் பாருங்கள். 2011-க்குப் பிறகு சோனி ஒரு நல்ல ஸ்பைடர்மேன் படம் எடுத்தால், டிக்கெட்டில் சல்லிக்காசு வராவிட்டாலும் பொம்மையில் டிஸ்னிக்கு லாபம். மோசமான படம் எடுத்தால் டிஸ்னியின் சரக்குக்கு அடி. ஆக, தனக்குச் சொந்தமில்லாத ஒரு படம் நன்றாக வர வேண்டும் என்று கவலைப்பட டிஸ்னிக்குக் காசு ரீதியான காரணம் வந்துவிட்டது.

அதனால்தான் 2014-ல் வந்த சோனியின் ஸ்பைடர்மேன் படம் அதற்கு முந்தைய நான்கையும்விடக் குறைவாக வசூலித்தபோது, பேச்சு வேகமாக நகர்ந்தது. 2015 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. மார்வெல் படப் பிரிவின் தலைவர் கெவின் ஃபைகியும், சோனியின் படப் பிரிவை நடத்தி வந்த ஏமி பாஸ்கலும் சேர்ந்து புதுப் படத்தைத் தயாரிப்பார்கள். பணம் போடுவது, வெளியிடுவது, உரிமை வைத்திருப்பது, கதை விஷயத்தில் கடைசி வார்த்தை சொல்வது எல்லாம் சோனி. ஸ்பைடர்மேன் மார்வெலின் சொந்தப் படங்களிலும் வரலாம். படம் 75 கோடி டாலரைத் தாண்டினால், டிஸ்னி கொடுக்க வேண்டிய அந்த 3.5 கோடியில் ஒரு பகுதி குறையும் என்று அப்போது செய்தி வந்தது. படம் வெற்றி பெற்றால் பொம்மைக் கணக்கில் கழித்துக்கொள்வது! இரண்டு கணக்கும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. இந்த ஏற்பாட்டில் 2017-ல் வந்த முதல் ஸ்பைடர்மேன் படம் சுமார் 88 கோடி டாலர். 2019-ல் வந்த இரண்டாவது 110 கோடியைத் தாண்டி, அதுவரை சோனி வெளியிட்ட படங்களிலேயே அதிகம் வசூலித்தது.

2019 ஆகஸ்டில் உறவு முறிந்ததாகச் செய்தி வந்தபோது, இணையத்தில் எல்லோரும் சோனியைத் திட்டித் தீர்த்தார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை, இன்றும் படவில்லை. படச் செலவில் பாதி போட்டு லாபத்தில் பாதி எடுத்துக்கொள்கிறோம் என்று டிஸ்னி கேட்டதாகச் சொல்லப்பட்டது. பொம்மை வருமானம் முழுவதும் ஏற்கெனவே டிஸ்னியிடம் இருக்கிறது. அதில் ஒரு பைசா பகிர்ந்துகொள்ளாமல், சோனியிடம் மிச்சமிருந்த ஒரே வருமானத்தில் பாதி கேட்டால், எந்தக் கம்பெனி ஒத்துக்கொள்ளும்? ஃபைகியின் திறமையால்தான் படம் ஓடியது என்பது உண்மைதான். அந்த ஓட்டத்துக்கான கூலி டிஸ்னிக்குக் கடைகளில் வந்துகொண்டுதான் இருந்தது.

இந்தப் படங்களில் ஸ்பைடர்மேனாக நடித்த டாம் ஹாலண்டே அப்போதைய டிஸ்னி தலைவர் பாப் ஐகரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். செப்டம்பர் 27-ல் சமரசம். டிஸ்னி கால்வாசி முதலீடு, கால்வாசி லாபம், பொருள் உரிமை பழையபடியே. அதன்படி 2021 டிசம்பரில் வந்த 'நோ வே ஹோம்' 190 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. நம் ஊரில் அமெரிக்காவுக்கு ஒரு நாள் முன்னதாகவே தமிழிலும் வெளியாகிக் கூட்டம் அலைமோதியது.

ஸ்பைடர்மேன் கதைகளில் வரும் பாத்திரங்களை வைத்துச் சோனி தனியாக எடுக்கும் படங்கள் ஏன் அடிக்கடி சறுக்குகின்றன என்றும் கேட்பார்கள். 'வெனம்' ஓடியது, அனிமேஷனில் வந்த ஸ்பைடர்-வெர்ஸ் ஆஸ்கரே வாங்கியது. 'மோர்பியஸ்', 'மேடம் வெப்', 'கிரேவன்' மூன்றும் எடுபடவில்லை. கதைகளின் பலவீனம் வெளிப்படை. அதோடு, இந்தப் பாத்திரங்களை வைத்துச் சோனிக்கு வரக்கூடியது தியேட்டர், ஓடிடி, டிவி பணம் மட்டுமே. அதனால் உரிமையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், ஏதாவது ஒரு படம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டிய நிர்ப்பந்தம்.

பங்கு பிரித்த கோடுகள் சில இடங்களில் மிகவும் நுணுக்கமானவை. அனிமேஷன் தொடர் ஒரு எபிசோடு 44 நிமிடத்துக்குள் இருந்தால் மார்வெலுக்கு, அதற்கு மேல் போனால் சோனிக்கு. நடிகர்களை வைத்து எடுக்கும் டிவி தொடரும் சோனிக்குத்தான். பிளேஸ்டேஷன் கேம் சோனியிடமிருந்து வருவதைப் பார்த்து அதுவும் பட உரிமையில் சேர்ந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது மார்வெல் தனியாகக் கொடுத்த லைசென்ஸ். இதைவிட விநோதம் தீம் பார்க்குகள். 1994-ல் மார்வெல் யுனிவர்சல் பார்க்குகளோடு போட்ட ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால் ஃப்ளோரிடாவில் ஸ்பைடர்மேன் ரைடு இருப்பது யுனிவர்சலில். சற்றுத் தூரத்தில் இருக்கும் டிஸ்னி வேர்ல்டு அவரைப் பயன்படுத்த முடியாது. மிஸிஸிப்பி நதிக்கு மேற்கே அந்தத் தடை இல்லை என்பதால் கலிஃபோர்னியாவில் டிஸ்னி 2021-ல் தன் சொந்த ஸ்பைடர்மேன் ரைடைத் திறந்தது.

கடைசிக் கேள்வி: டிஸ்னி திரும்ப வாங்க முடியாதா? சோனி விற்றால் வாங்கலாம். விற்க அதற்கு எந்தக் காரணமும் இல்லை, அதன் கையில் இருக்கும் மிகப் பெரிய சூப்பர்ஹீரோ இதுதான். பணம் கொடுக்காமல் திரும்பி வர ஒரு வழி மட்டும் உண்டு. கசிந்த ஒப்பந்தத்தின்படி, ஒரு படம் வெளியாகி 3 வருடம் 9 மாதத்துக்குள் அடுத்ததன் படப்பிடிப்பைத் தொடங்க வேண்டும், 5 வருடம் 9 மாதத்துக்குள் வெளியிட வேண்டும், தவறினால் உரிமை மார்வெலுக்குப் போய்விடும். 2007-க்குப் பிறகு ரெய்மியின் நான்காவது படம் நின்றுபோனதும், சோனி காத்திருக்காமல் 2012-ல் புது நடிகரோடு முதலிலிருந்து ஆரம்பித்ததற்கு இந்தக் கெடுவும் ஒரு காரணம். 'நோ வே ஹோம்' படத்திலிருந்து எண்ணினால் படப்பிடிப்புக்கான கெடு 2025 செப்டம்பர், வெளியீட்டுக்கான கெடு 2027 செப்டம்பர். அடுத்த படத்தின் படப்பிடிப்பு 2025 ஆகஸ்டில் கிளாஸ்கோவில் தொடங்கியது, 2026 ஜூலை வெளியீடு என்று அறிவித்தார்கள். சோனி அந்தக் கெடுவைத் தவறவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.