நெஞ்சை அமுக்கும்போது அப்பா கையைத் தட்டிவிட்டார்: நிறுத்தியது பிழையா?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். போன மாதம் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், பேசிக்கொண்டிருந்த அப்பா அப்படியே சரிந்தார். 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு கோல் எடுத்து, அவர்கள் சொல்லச் சொல்ல நெஞ்சை அமுக்கினேன். கண்ணைத் திறந்து என் கையைத் தட்டிவிட்டார். உயிர் வந்துவிட்டதென்று நிறுத்தினேன், திரும்பச் சாய்ந்தார். மறுபடி அமுக்கினேன். பிழைத்துவிட்டார். இப்போது, "விடுறான்னு சொன்னேன், கேக்காம குத்துனியே" என்கிறார்.

பதில்: நிறுத்திப் பார்த்ததும் பிழையில்லை, மறுபடி தொடங்கியதும் பிழையில்லை தம்பி. இதயம் நின்றிருந்த நேரத்தில் உங்கள் கைதான் இரத்தத்தைத் தள்ளியது. எவ்வளவு நன்றாக அமுக்கினாலும் வழக்கமான ஓட்டத்தில் கால்வாசி, மிஞ்சினால் மூன்றிலொரு பங்குதான் கிடைக்கும். சிலருக்கு, அதுவும் விழுந்த கையோடு தொடங்கினால், மூளை விழிக்க அதுவே போதும். கை நின்றால் சில விநாடிகளில் நினைவும் போய்விடும்.

அம்புலன்ஸில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் இப்படி நடந்தது. தோட்டத்து வரிசை வீடு ஒன்றில், ஒரு லயக் காம்பராவில், அமுக்கிக்கொண்டிருந்தபோது பெரியவர் என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். கையை எடுத்து, இதயத்துடிப்பைக் காட்டும் கருவியின் திரையைப் பார்த்தால் இதயம் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கிறது. பிடி தளர்ந்தது. அமுக்கினேன், விரல்கள் மறுபடி பொத்தானைத் தேடின. வாசலில் யாரோ "சாமி வந்திருச்சு" என்றார்கள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அமுக்குவதை நிறுத்த அசைவு மட்டும் போதாது. கண் திறந்து, மூச்சும் சீராக வர வேண்டும். கரையில் போட்ட மீன்போல வாயைத் திறந்து திறந்து இழுப்பது மூச்சில்லை. பத்து விநாடிக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சந்தேகம் வந்தால் அமுக்குங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம். கட்டிலில் வேண்டாம், மெத்தை அமுங்கும். சீமெந்துத் தரைதான் சரி.

வலி அவருக்கு நினைவிருப்பது கற்பனையில்லை. இப்படி விழிப்பவர்களுக்கு மிகச் சிறு அளவில் வலி மருந்தோ மயக்க மருந்தோ கொடுக்கலாமென்று உயிர்மீட்பு சிகிச்சைக்கான 2021 ஐரோப்பிய வழிகாட்டலே சொல்கிறது. வீட்டில் அதற்கு வழியில்லை. அப்பாவோடு வாதாடாதீர்கள், நடந்ததை ஆற அமர ஒருமுறை சொல்லுங்கள். விலா எலும்பு விரிசலும் இருக்கலாம், வலி வாரக்கணக்கில் இழுக்கும். வலி கூடினாலோ மூச்சு முட்டினாலோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தோட்டத்து ரோட்டில் அம்புலன்ஸ் ஏறிவர நேரமாகும். அதனால் முதலிலேயே பக்கத்துக் காம்பராவில் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். ஒருவர் இரண்டு நிமிடத்துக்கொரு தடவை உங்களிடமிருந்து கை மாற்றட்டும். மற்றவர் தலைமாட்டில் உட்கார்ந்து, தட்டிவிடும் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்கதான், பயப்படாதீங்க" என்று காதோடு சொல்லிக்கொண்டே இருக்கட்டும்.